எல்லை தாண்டிய கிளை

1964 ஆகஸ்டில் தில்லிச் சாலை ஒன்றில் சென்றுகொண்டிருந்த ஒருவர் மீது மரக்கிளை முறிந்து விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. வயது 30 அளவில். அவருடைய குடும்பத்தார் மாநகராட்சி மீது வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை 1999இல் அளித்தது. இடையில் கழிந்தவை 35 ஆண்டுகள். மாநகராட்சி தோற்றது. அந்த மரம் வெகுநாட்களுக்கு முன்பே பட்டுப்போனது, அதில் இலையும் இல்லை, பட்டையும் இல்லை, சாலையில் போகும் எவர் கண்ணுக்கும் அது ஆபத்தென்று தெரிந்திருக்கும், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பட்ட மரம் என்பதால் அந்த வழக்கில் பொறுப்பை நிறுவ முடிந்தது. பச்சை மரமாக இருந்திருந்தால்? மாநகராட்சிச் சாலையில் நில்லாமல் ஒரு தனி வீட்டின் மதிலுக்குள் நின்று, கிளையை மட்டும் வெளியே நீட்டியிருந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கிளையை முன்பே வெட்டியிருக்கலாமா, வெட்டியிருந்தால் அது அவருக்கு உரிமையா, கடமையா, குற்றமா? இந்திய வரலாற்றில் இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அவற்றில் எதுவும் முந்தையதை முழுமையாக நீக்கவில்லை என்பதுதான் சிக்கல். இன்று ஒரே கிளையின் மேல் மூன்று, நான்கு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

பழைய நூல்களில் தொடங்கலாம். தர்மசாத்திரங்கள் மரத்தைப் பெரும்பாலும் எல்லையின் சாட்சியாகவே காண்கின்றன. ஊர் எல்லைகளில் ஆல், அரசு, புரசு, இலவு, சாலம், பனை, பால் வடியும் மரங்கள் ஆகியவற்றை நட வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம். அதோடு புதர், மூங்கில், வன்னி, கொடி ஆகியவற்றையும் சேர்க்கிறது. நெடுங்காலம் நிற்பவை, வெட்டினாலும் துளிர்ப்பவை, தொலைவிலிருந்து அடையாளம் தெரிபவை என்பதே இத்தேர்வின் தருக்கம். இரண்டு வயல்களுக்கு நடுவே எல்லையில் முளைத்த மரத்தின் பூவும் காயும் இரு நிலத்தாருக்கும் பொது என்பது நாரதரின் விதி. அதாவது மரம் அங்கே ஒருவருடைய உடைமையாகத் தொடங்கி மற்றவர் நிலத்துக்குள் நுழைவதில்லை. அது தொடக்கத்திலேயே இருவருக்கும் இடையில் நிற்கிறது.

செப்பேடுகள் இந்த மனப்பாங்கை நடைமுறையில் காட்டுகின்றன. காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட நிதன்பூர்ச் செப்பேடு, தானநிலத்தின் எல்லைகளைச் சொல்லும்போது வறண்டுபோன ஆற்றுப்படுகையையும் வெட்டப்பட்ட அத்திமரம் ஒன்றையும் அடையாளமாகக் குறிக்கிறது. நிற்கும் அத்தி அன்று, வெட்டுண்ட அத்தி. மரம் போன பின்பும் அது நின்ற இடம் எல்லையாக நீடிக்கிறது. நில ஆவண மொழியில் மரத்துக்கு இதைவிட உறுதியான இடம் கிடைத்திருக்க முடியாது. வட இந்திய வருவாய்த் துறையில் கிராம நிலவரைபடத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் ‘ஷஜ்ரா’. மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. கிளைபிரியும் வம்சாவளிப் பட்டியலுக்கும் அதே பெயர்தான். ஒரு நிலம் யாருடையது என்பதும் ஒரு மனிதர் யாருடைய பேரன் என்பதும் ஒரே மரத்தின் பெயரால் எழுதப்பட்டன.

வெட்டுவதற்கான தண்டனையில் மிக நுணுக்கமாகச் செல்வது அர்த்தசாத்திரம். அதன் மூன்றாம் அதிகரணம் நகரத் தோப்புகளில் பூ, காய், நிழல் தரும் மரங்களின் தளிரை ஒடித்தால் 6 பணம், சிறுகிளையை வெட்டினால் 12 பணம், பருத்த கிளையை வெட்டினால் 24 பணம் எனத் தண்டம் விதிக்கிறது. அடிமரத்தை வெட்டினால் முதல்நிலைச் சாகசத் தண்டம், அதாவது 48 முதல் 96 பணம் வரை. வேரோடு பெயர்த்தால் இடைநிலைத் தண்டம், 200 முதல் 500 வரை. புதருக்கும் கொடிக்கும் இவற்றில் பாதி. எல்லை மரம், வழிபாட்டு மரம், அடையாளமிட்ட மரம், அரசனின் வனத்து மரம் என்றால் இரு மடங்கு. யாக்ஞவல்கியரும் கிளை, அடிமரம், முழுமரம் என்று ஏறுமுகமாக 20 பணத்தில் தொடங்கி இரட்டிப்பாக்கிச் செல்கிறார். இந்தப் பட்டியல்களில் கவனிக்கத்தக்கது அளவீடு. குற்றம் மரத்தின் எந்த உறுப்பில் நிகழ்ந்தது என்பதைப் பொறுத்துத் தண்டம் கூடுகிறது, உடற்காயத்துக்குத் தண்டம் கணக்கிடுவதைப் போல. தளிருக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஏறக்குறைய இதே வினா திரும்பி வந்தது.

அடுத்த வீட்டின் மேல் படர்ந்த கிளையைப் பற்றி நேரடியாகப் பேசும் மரபு ஹனஃபி சட்டப் பள்ளியில் தெளிவாகத் தெரிகிறது. முகலாய ஆட்சியில் காஜிகள் பின்பற்றிய பள்ளி அதுவே. அப்பள்ளியின் விதிகளை 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு ‘மஜல்லா’ என்னும் பெயரில் தொகுத்தபோது இவ்விதியும் அதில் இடம்பெற்றது. கிளை பக்கத்து வீட்டுக்கோ தோட்டத்துக்கோ மேலே நீண்டால், அக்கிளையை இழுத்துக் கட்டும்படி அல்லது வெட்டி அகற்றும்படி மரத்துக்காரரை அயலார் கேட்கலாம். ஆனால் மரத்தின் நிழல் தன் பயிரைக் கெடுக்கிறது என்று சொல்லி மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது. இழுத்துக் கட்டுதல் என்ற முதல் வழி அழகானது. கயிறு ஒன்று போதும். அரிவாள் இரண்டாவதாகவே வருகிறது. கேட்க வேண்டியது மரத்துக்காரரிடம், செய்ய வேண்டியவரும் அவரே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமுறை இவ்விரு மரபுகளையும் ஓரங்கட்டியது. பகைமையால் அன்று, வகைப்படுத்தலால். 1772ஆம் ஆண்டு வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய வழக்கங்கள் ஆகியவற்றில் மட்டும் இந்துக்களுக்குச் சாத்திரமும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனும் சட்டமாயின. மற்றவை நாளடைவில் ‘நீதி, நேர்மை, நன்மனச்சான்று’ என்ற பொதுத் தலைப்பின் கீழ் வந்தன. அந்தத் தலைப்பின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஆங்கிலேயப் பொதுச்சட்டம். இவ்வாறு மகன் யார் என்ற கேள்விக்கு யாக்ஞவல்கியர் பதில் சொன்னார், மாங்கிளை யாருடையது என்ற கேள்விக்கு லண்டன் பதில் சொன்னது. சுவைக்காக ஒரு குறிப்பு: அர்த்தசாத்திரத்தின் ஓலைச்சுவடி மைசூரில் ஆர். சாமசாஸ்திரியின் கைக்கு வந்தது 1905இல். அச்சில் வந்தது 1909இல். 19ஆம் நூற்றாண்டு நீதிபதி எவரும் கௌடில்யரின் 6 பணத்தைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

லண்டன் சொன்ன பதில் என்ன? 1894இல் பிரபுக்கள் அவை முடித்துவைத்த வழக்கு ஒன்று இதன் அடிக்கல். பழைய மரங்கள், அவற்றின் கிளைகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பக்கத்து நிலத்தின் மேல் நீண்டு நின்றன. நிலத்துக்காரர் முன்னறிவிப்பு ஏதுமின்றித் தம் எல்லைக்குள் நின்றபடியே அவற்றை வெட்டினார். மரத்துக்காரர் வழக்காடித் தோற்றார். நீண்டகால அனுபவத்தால் வழிநடை உரிமை கிடைக்கிறது, வெளிச்சத்துக்கான உரிமை கிடைக்கிறது, கிளை நீட்டி வைத்திருக்கும் உரிமை ஏன் கிடைக்காது? அதற்குச் சொல்லப்பட்ட காரணம் தாவரவியலை அறிந்தது. வழி அதே வழியாகவே 20 ஆண்டும் கிடக்கிறது. கிளை அவ்வாறன்று. அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வளர்கிறது, இன்று நீட்டியிருக்கும் நுனி சென்ற ஆண்டு இல்லை. எந்த நுனியின் மேல் எந்த 20 ஆண்டைக் கணக்கிடுவது?

அதே பத்தாண்டில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இந்திய மண்ணில் இதையே சொன்னது. காலங்கடந்த அனுபவத்தால் அயலான் நிலத்தின் மேல் கிளை நீட்டும் உரிமை பிறக்காது, நிலத்துக்காரர் வெட்டலாம். 1902இல் அலகாபாத்திலும் 1904இல் கல்கத்தாவிலும் இத்தகைய வழக்குகள் அறிக்கைத் தொகுதிகளில் ஏறின. நாட்டின் முப்பெரும் நீதிமன்றங்களும் பத்தாண்டு இடைவெளியில் கிளைகளைப் பற்றித் தீர்ப்பெழுத நேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. நகரங்கள் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

இதில் இந்தியச் சட்டத்தின் எழுத்து வடிவம் சற்று விநோதமாக நடந்துகொண்டது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நீர், காற்று, வெளிச்சம், வழி ஆகியவற்றை விரிவாகப் பேசியது. அதன் 36ஆம் பிரிவு, வசதியுரிமைக்கு ஏற்பட்ட தடையை உரிமையாளர் தாமே கையால் அகற்றக் கூடாது, நீதிமன்றம் போக வேண்டும் என்றது. ஆனால் நீண்ட கிளை வசதியுரிமைக்குத் தடை அன்று, நிலத்தின் மேல் நிகழும் தொல்லை. ஆகவே அந்தத் தடை இதற்குப் பொருந்தவில்லை. அரிவாள் நிலத்துக்காரர் கையிலேயே தங்கியது. 1877ஆம் ஆண்டின் தனிப்பட்ட தீர்வழிச் சட்டம் கட்டாய உறுத்துக்கட்டளைக்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, அயலான் நிலத்தின் மேல் இறவாரத்தை நீட்டிக் கட்டியவரைப் பற்றியது. நீண்ட அளவு இறவாரத்தை இடிக்கச் சொல்லலாம். ஓலையும் ஓடும் நீண்டால் என்ன செய்வது என்று சட்டம் எழுதி வைத்தது. கிளை நீண்டால் என்ன செய்வது என்று நீதிபதிகள் இங்கிலாந்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

வெட்டலாம், வெட்டியதை வைத்துக்கொள்ளலாமா? கூடாது. 1919இல் இங்கிலாந்தில் ஒருவர் தம் நிலத்தின் மேல் தொங்கிய பக்கத்து வீட்டு ஆப்பிள்களைப் பறித்து விற்றார். பழத்தின் மதிப்பை மரத்துக்காரருக்குக் கொடுக்க நேர்ந்தது. கிளையை அகற்றும் உரிமை தொல்லையைப் போக்கும் உரிமை மட்டுமே. அது உடைமையை மாற்றுவதில்லை. இந்தியாவில் இதே எண்ணம் வேறொரு வாசல் வழியாக வந்தது. மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு பெற்று 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டுக்குத் தரும் முதல் எடுத்துக்காட்டு மரத்தைப் பற்றியது. ஒருவர் நிலத்திலுள்ள மரத்தை, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வதற்காக மற்றொருவர் வெட்டுகிறார். எடுத்துச் செல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மரம் மண்ணிலிருந்து பிரிந்த அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிடுகிறது. 2023இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த எடுத்துக்காட்டு அப்படியே தொடர்கிறது. நாணயமோ நகையோ மாடோ முதலில் வரவில்லை. மண்ணோடு ஒட்டியிருக்கும் வரை திருட முடியாததாகவும் பிரிந்தவுடன் திருடப்பட்டதாகவும் ஆகும் பொருள் மரம். கருத்தியல் கூர்மைக்காகவே அது முன்னால் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ‘பிரியும் கணம்’ சொற்பொருள் வழக்காக 1958இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மத்தியப் பிரதேச ஜமீன் காடு ஒன்றில் மரம் வெட்டும் உரிமை அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்பது கேள்வி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் ‘நிற்கும் வெட்டுமரத்தை’ அசையாச் சொத்திலிருந்து விலக்கியிருந்தது. ஆனால் வேரூன்றிய மரம் அசையாச் சொத்து. அப்படியானால் மரம் எப்போது வெட்டுமரமாகிறது? நீதிபதி விவியன் போஸ் தந்த பிரிப்பு தெளிவானது: மண்ணிலிருந்து ஊட்டம் பெற்று மேலும் வளர்வதற்காக நிற்பது மரம், பக்குவப்பட்டு, விரைவில் வெட்டுவதற்கென்றே நிற்பது வெட்டுமரம். மரத்தில் எந்த மாறுதலும் நிகழ்வதில்லை. பார்ப்பவரின் எண்ணம் மாறினால் அதன் சட்டப் பெயர் மாறுகிறது.

தனியார் தகராறுகளில் கிளை ஒருபோதும் முன்னுரிமை கோர முடியாது என்று நீதிமன்றங்கள் தீர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அரசு தன் கம்பிகளுக்காக எழுதிக்கொண்ட சட்டங்களில் நேரெதிரான நியாயம் ஒன்று நுழைந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 18ஆம் பிரிவு: தந்திக் கம்பிக்கு இடையூறான மரத்தை நீதித்துறை நடுவர் ஒருவரின் ஆணை பெற்று அகற்றலாம். ஆனால் கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே இருந்திருந்தால், அதில் உரிமையுள்ளவர்களுக்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும். 1890ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டமும் ரயில் பாதைக்கு முற்பட்ட மரத்துக்கு இழப்பீடு வைத்தது. மின்சாரச் சட்டங்கள் இந்த வாசகத்தைக் கையோடு வாங்கிக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திலும் அது உள்ளது. முன்பே இருந்த மரம் என்பதற்கு இங்கே மதிப்பு உண்டு. அயலானின் வீட்டுக்கு முன்பே இருந்த மரத்துக்குப் பம்பாயில் அந்த மதிப்பு இல்லை. வீடு கட்டியவர் பின்னால் வந்தவராக இருந்தாலும் கிளையை வெட்டலாம். கம்பி கட்டியவர் பின்னால் வந்தால் காசு கொடுத்துவிட்டு வெட்ட வேண்டும்.

மின்சாரச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு மற்றொரு வகையில் சுவையானது. அப்பிரிவின் நோக்கத்துக்கு ‘மரம்’ என்பது செடி, வேலி, காட்டுப் புதர், வேறெந்தத் தாவரத்தையும் உள்ளடக்கும் என்கிறது. சட்டத்தின் வேலையைப் பொறுத்து மரம் பெருக்கவும் சுருங்கவும் செய்யும். கம்பியைக் காக்கும் சட்டத்தில் அவரைக்கொடியும் மரம். மரத்தைக் காக்கும் சட்டத்தில் நிலைமை வேறு: 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமும் குறைந்தது ஒரு மீட்டர் உயரமும் உள்ள கட்டைத் தாவரத்தைத்தான் மரம் என ஏற்கிறது.

நகராட்சிச் சட்டங்கள் இந்தக் கதையில் மூன்றாவது தரப்பை உருவாக்கின. இதுவரை மரத்துக்காரர் ஒருவர், அயலார் ஒருவர்; இனி தெருவில் போகும் பெயரறியா மனிதர். சென்னை மாகாணத்தின் 1919, 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டங்களில் இதன் வாசகம் முழுமையாக அமைந்தது. மரமோ கிளையோ, மரத்தின் காயோ விழுந்து எவருக்கேனும், எந்தக் கட்டடத்துக்கேனும் ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று தோன்றினால், அதை முட்டுக்கொடுத்து நிறுத்தவோ கிளை கழிக்கவோ வெட்டவோ உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பலாம். பொதுத்தெருவை ஒட்டிய வேலியைக் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளராமல் கத்தரிக்கவும், தெருவின் மேல் கவிந்து போக்குவரத்தையோ பார்வையையோ மறைக்கும் மரத்தை ஒதுக்கவும் ஆணையிடலாம். ‘காய்’ என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்று தென்னகத்தார் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆப்பிள் விழுந்து இங்கிலாந்தில் எவரும் இறந்ததில்லை, தேங்காய் அப்படிப்பட்டதன்று. கேரளத்தின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வரை அந்தக் காய் தொடர்ந்து தொங்குகிறது.

இதற்கு இணையாகக் குற்றவியல் நடைமுறையும் ஒரு கதவைத் திறந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ தாங்கி நிறுத்தவோ நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நிற்கிறது. கோட்டாட்சியர் அலுவலகங்களில் இவ்வகை மனுக்களுக்குக் குறைவில்லை. மரமும் ஒரு சாக்கு, உண்மைத் தகராறு வேலியைப் பற்றியது என்பதும் அங்கே புதிய செய்தி அன்று.

கிராமங்களில் கதை வேறு தடத்தில் சென்றது. வட மாகாணங்களில் நிலவரித் திட்டத்தின்போது ஒவ்வோர் ஊருக்கும் எழுதப்பட்ட ‘வாஜிப்-உல்-அர்ஸ்’ என்னும் வழக்கப் பதிவேட்டில் மரங்களுக்கென்றே குறிப்புகள் உண்டு. குடியானவர் நட்ட மரத்தை ஜமீன்தாரின் சம்மதமின்றி வெட்டலாமா, குடி பெயர்ந்தால் மரம் யாருக்கு என்பன போன்றவை. அங்கே கேள்வி பக்கவாட்டில் அயலாரை நோக்கி அன்று, மேல்நோக்கி நிலக்கிழாரை நோக்கியே எழுந்தது. 1950ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேச ஜமீன் ஒழிப்புச் சட்டம், குடியிருப்பு நிலத்திலுள்ள கிணறுகளும் மரங்களும் கட்டடங்களும் அவற்றை வைத்திருந்தவர்களுக்கே உரியவை எனத் தீர்த்தது. வாசல் வேம்பு சட்டப்படி முழுமையாகத் தனதான அன்றுதான், அதன் கிளைக்கான பொறுப்பும் முழுமையாகத் தனதாயிற்று எனலாம்.

பின்னர் 1970களில் காற்றுத் திசை மாறியது. மகாராஷ்டிரம் 1975இல் நகர்ப்புற மரங்களுக்கான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கர்நாடகம் 1976இல் தொடர்ந்தது; கேரளம் 1986இல், தில்லி 1994இல். தன் நிலத்தில் தான் நட்ட மரத்தையும் அனுமதியின்றி வீழ்த்தக் கூடாது என்பது இவற்றின் பொது அடிப்படை. நகராட்சிச் சட்டம் வெட்டு என்கிறது, மரச் சட்டம் கேட்டுவிட்டு வெட்டு என்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டில் அயலாருக்குத் தந்த உரிமை ஏட்டில் இருக்கிறது; ஆனால் அதைப் பயன்படுத்துபவர் மர அலுவலரின் அனுமதித்தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

தில்லிச் சட்டம் ‘மரத்தை வீழ்த்துதல்’ என்பதற்குத் தரும் பொருள்விளக்கம் நீளமானது. வேரோடு பெயர்த்தல், வெட்டுதல், பட்டையை வளையமாக உரித்தல், கிளை கழித்தல், உச்சியை மொட்டையடித்தல், மரக்கொல்லி மருந்து இடுதல், எரித்தல் என எல்லாமே வீழ்த்துதல். சாதாரணப் பேச்சில் கவாத்து செய்பவரை மரத்தை வீழ்த்தியவர் என்று எவரும் சொல்லமாட்டார், சட்டம் சொல்கிறது. இந்த இறுக்கத்தைத் தளர்த்த 2019இல் தில்லியில் வழிகாட்டு நெறிகள் வந்தன. 15.7 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றன அவை. அந்த வினோத எண்ணின் பிறப்பிடம் எளிது. சுற்றளவை விட்டமாக்கினால் 5 சென்டிமீட்டர் வரும். மரத்தின் இலக்கணத்திலிருந்த அதே 5. சட்டம் எந்த அளவில் ஒரு தாவரத்தை மரம் என ஏற்கத் தொடங்குகிறதோ, அதே பருமனுள்ள கிளையை வெட்டலாம் என்று நெறிகள் விட்டுவிட்டன. 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றை நீக்கியது. சட்டம் தராத விலக்கை வழிகாட்டு நெறி தர முடியாது என்பது தீர்ப்பு. தளிருக்கு 6 பணம் வைத்தவருக்கு இந்த முடிவு வியப்பளித்திருக்காது.

தண்டத்தின் அளவிலும் ஒப்பீடு வேண்டும். தில்லிச் சட்டம் விதிப்பது ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1994இல்கூட அது பெரிய தொகை அன்று. மதுரா-பிருந்தாவனப் பகுதியில் அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு மரமொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏட்டிலுள்ள அபராதத்துக்கும் நீதிமன்றத்தின் மதிப்பீட்டுக்கும் இடையே இருப்பது சிறு விரிசல் அன்று.

பாதுகாக்கும் சட்டத்தின் மறுபுறம் மும்பையில் 2017 ஜூலையில் தெரிந்தது. செம்பூரில் தெருவில் நடந்து சென்ற ஒரு பெண்மணி மீது தென்னை ஒன்று சாய்ந்து விழுந்தது; அவர் இறந்தார். அந்தத் தென்னையை வெட்ட அனுமதி கேட்டு முன்பே விண்ணப்பம் போயிருந்தது, ஆய்வுக்குப் பின் அது ஏற்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மும்பையின் குடியிருப்புச் சங்கங்களுக்கு மாநகராட்சி அறிவிப்பு அனுப்புகிறது: வளாகத்துக்குள் உள்ள மரங்களைச் சங்கத்தின் செலவில், உரிய அனுமதியோடு கவாத்து செய்துகொள்ளுங்கள். செலவு ஒருவருடையது, அனுமதி மற்றொருவருடையது, ஆபத்து மூன்றாமவருடையது.

அனுமதி கேட்டவர் மறுக்கப்பட்ட பின் மரம் விழுந்தால் பொறுப்பு எங்கே போய் நிற்கும்? இதற்கு ஆங்கிலச் சட்டம் தரும் துணை குறைவு. 1926இல் அங்கே ஒரு வழக்கு. நெடுஞ்சாலையின் மேல் 30 அடி உயரத்தில் நீண்டிருந்த பீச் மரக்கிளை, அமைதியான வானிலையில் திடீரென முறிந்து கீழே சென்ற வாகனத்தின் மேல் விழுந்தது. உள்ளே மறைந்திருந்த விரிசலை எவரும் கண்டிருக்க முடியாது. ஆகவே நிலத்துக்காரர் பொறுப்பாளி அல்லர். கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து என்றால் பொறுப்பு, தெரியாதது என்றால் இல்லை என்ற இந்த அளவுகோலை வைத்துத்தான் 1964ஆம் ஆண்டின் தில்லிக் கிளையும் அளக்கப்பட்டது. இங்கே ஒரு முரண் உள்ளது. விண்ணப்பித்தவர், ஆபத்து தமக்குத் தெரியும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவராகிறார். பேசாமல் இருந்தவர் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். விழிப்போடு இருந்ததற்குச் சட்டம் தரும் பரிசு இது என்றால், குடியிருப்புச் சங்கங்கள் ஏன் விண்ணப்பிக்கத் தயங்குகின்றன என்று கேட்க வேண்டியதில்லை.

வட இந்திய நகரங்களின் பழைய பகுதிகளில் இன்னொரு வகை மரம் உண்டு. எவரும் நடாதது. பறவையின் எச்சத்தில் வந்த அரசு விதை இரு வீடுகளின் பொதுச்சுவர் விரிசலில் முளைத்து, வேரைக் கீழேயும் கிளையை இரு கூரைகளின் மேலும் விடுகிறது. வெட்டக் கூலியாள் ஒப்புவதில்லை. அரசமரத்தில் அரிவாள் வைக்க அவருக்கு மனமில்லை. வீட்டுக்காரருக்கும் மனமில்லை, ஆனால் சுவர் பிளக்கிறது. சட்டப்படி இம்மரம் யாருடையது? நட்டவர் இல்லை, நிலம் என்று சொல்ல அரையடிச் சுவர் மட்டுமே. நாரதரின் விதிதான் இதற்கு மிக நெருங்கி வருகிறது, இருவருக்கும் பொது. அவர் பூவையும் காயையும் பங்கிட்டுக் கொடுத்தார், விரிசலை யார் அடைப்பது என்று கேட்க நேரவில்லை. 5 சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டும் வரை அது தில்லிச் சட்டத்தின் கண்ணில் மரமே அன்று. அதற்குள் பிடுங்கிவிடலாம். தாண்டிவிட்டால் விண்ணப்பம், ஆய்வு, 60 நாள் காத்திருப்பு.

உடனடி ஆபத்துக்கென ஒரு விலக்கு அச்சட்டத்தில் உண்டு. உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால், அனுமதிக்குக் காத்திராமல் மரத்தை வீழ்த்திவிட்டு 24 மணி நேரத்துக்குள் மர அலுவலருக்குத் தெரிவித்தால் போதும். அந்த உரிமை தரப்பட்டிருப்பது நிலத்தின் உரிமையாளருக்கு, அதாவது மரம் எவர் மண்ணில் நிற்கிறதோ அவருக்கு. எவர் கூரையின் மேல் கிளை தொங்குகிறதோ அவரைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை.